மெஷினுக்கு வைத்த பொட்டலம்

என் மகள் பாடத்தைச் சத்தம் போட்டுத்தான் படிப்பாள். தபால் வழியில் சரித்திரம் படிக்கிறாள். எங்கள் வீடு ஒரே அறை. அவள் படிப்பது எல்லார் காதிலும் விழும். எனக்கு அமெரிக்கா தெரிந்தது அப்படித்தான். நான் எட்டாவதோடு நின்றவன்.

அந்த வருஷம் அவளுக்கு இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் இருந்த அமெரிக்கா பாடம். முதல் போர் முடிந்து கொஞ்ச நாளில் அங்கே காசு புழங்க ஆரம்பித்தது. தொழிலாளி தவணையில் கார் வாங்கினான். ரேடியோவும் தவணைதான். நாடு முழுக்கச் சாராயத்துக்குத் தடை போட்டார்கள். திருட்டுத்தனமாக விற்றவன் பணக்காரன் ஆனான்.

"இத்த படிக்க அமெரிக்காவுக்குப் போவணுமா? நம்ம தெருவுல கேட்டா சொல்லப் போறாங்க" என்றாள் என் மனைவி, மீன் ஆய்ந்துகொண்டே.

எங்கள் வீட்டிலும் அப்போது காசு புழங்கியது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பைக், மூன்றும் தவணையில் வந்தவை. நான் திருவொற்றியூரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டினேன். தகட்டை உள்ளே வைத்தால் அச்சு இறங்கி வளைத்துக் கொடுக்கும் மெஷின் அது. பத்தொன்பது வருஷம் அதில் நின்றேன். ஆர்டர் குவிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினோம்.

ஒரு பிரஸ்ஸுக்கு இரண்டு ஆள். இந்தப் பக்கம் தகடு வைப்பவன் நான். அந்தப் பக்கம் வளைந்ததை எடுப்பவன் ஒடிசாக்காரன். நான் பெர்மனென்ட், அவன் கான்ட்ராக்ட். ஆறு வருஷம் என் எதிரில் நின்றான். தமிழை எங்களிடம்தான் கற்றுக்கொண்டான். அதனால் ராயபுரத்தில் பிறந்தவன் மாதிரியே பேசுவான். என்னை நைனா என்று கூப்பிடுவான்.

சங்கம் பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தான். ஆயுத பூஜையும் சங்கம்தான் நடத்தும். மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவோம். பொரி, கடலை, வாழைப்பழம், ஸ்வீட் எல்லாம் போட்டு ஆளுக்கு ஒரு பொட்டலம் தருவார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பொட்டலம் வைப்பார்கள். பூஜை முடிந்ததும் மெஷினுக்கு வைத்ததை அந்த மெஷின்காரன் எடுத்துக்கொள்வான். வழக்கம் அது. அந்த வருஷமும் என்னுடையதையும் மெஷினுடையதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கான்ட்ராக்ட் பையன்களுக்குப் பொட்டலம் கிடையாது. அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

பூஜை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். சூப்பர்வைசர் வந்து பிரஸ்ஸின் கார்டைக் கழற்றச் சொன்னான். கார்டு என்பது கை உள்ளே போகாமல் தடுக்கிற இரும்புக் கம்பி வலை. அது இருந்தால் வேகம் வராது. கழற்றினால் நிமிஷத்துக்கு நாலு தகடு கூடுதலாக எடுக்கலாம் என்றான். கழற்றி ஓட்டினோம். மூன்றாம் நாள் அச்சு இறங்கும்போது எதிர்ப்பக்கத்துக் கை உள்ளே இருந்தது. அவன் இழுத்துக்கொண்டான். கையுறையின் நுனி மட்டும் போனது.

நான் மெஷினை நிறுத்தினேன். கார்டு போட்டால்தான் ஓட்டுவேன் என்றேன். சாயங்காலமே சஸ்பெண்ட் ஆர்டர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சங்கம் ஸ்டிரைக் அறிவித்தது. இரண்டு கோரிக்கை. ஒன்று சம்பள உயர்வு. இன்னொன்று என்னைத் திரும்ப எடுக்க வேண்டும். கேட்டுக்கு எதிரில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். பெர்மனென்ட் ஆட்கள் ஒருவரும் உள்ளே போகவில்லை. நாலு நாளில் கம்பெனி ஒரு பஸ் ஏற்பாடு செய்தது. திங்கட்கிழமை முதல் கான்ட்ராக்ட் பையன்களை வைத்து முழுசாக ஓட்டப் போகிறார்கள் என்று சேதி வந்தது. அவர்கள் போனால் ஸ்டிரைக் உடையும். என் வேலை போகும். எல்லாருக்கும் அது தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மகள் அடுத்த பகுதி படித்தாள். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துப் பருத்திக்காட்டிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கே ஆலை வேலைக்கு வந்தார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிகளின் சங்கங்கள் பலவும் அவர்களைச் சேர்க்கவில்லை. வேலைநிறுத்தம் நடந்தால் முதலாளி அவர்களை உள்ளே கொண்டுபோனான். கலவரம் நடந்தது. பல வருஷம் கழித்துத்தான் சில சங்கங்கள் எல்லாரையும் சேர்த்தன.

"சேத்துக்கினு ஜெயிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"சில எடத்துல ஜெயிச்சாங்கப்பா. அடியும் வாங்கினாங்க. இன்னா, நீ பரிட்ச எய்தப் போறியா?"

"எத்தினி வருசம் ஆச்சு?"

"பதினஞ்சு, இருவது வருசம். தொந்தரவு பண்ணாத, அஞ்சு மார்க் கேள்வி இது."

மறுநாள் காலையில் பந்தலில் சொன்னேன். கான்ட்ராக்ட் பையன்களைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம், இன்றைக்கே போய்ச் சொன்னால் நாளைக்கு உள்ளே போகாமல் நம்மோடு நிற்பார்கள் என்றேன். எங்கிருந்து இந்த யோசனை என்று கேட்டார்கள். மறைக்கவில்லை.

"மாமு அமெரிக்காவுக்கே போய்ட்டாருடோய்" என்று ஒருவன் கத்தினான். பந்தலே சிரித்தது.

சங்கச் செயலாளர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு சேத்துக்கினா நாளைக்கு ஓட்டு அவனுங்களுதுதான். அப்பறம் நீயும் நானும் இந்தி கத்துக்கினு மீட்டிங் பேசணும். நீ போய் பேசு மாமு, உன் மெஷினு ஆளுதானே. போவாதீங்கன்னு சொல்லு. சேக்கற விசயத்த அப்பறம் பேசறோம்னு சொல்லு."

போனேன். எர்ணாவூர் பக்கம் மாடியில் கான்ட்ராக்ட் பையன்கள் தங்கியிருந்த அறை. பதினொரு பேர் இருந்தார்கள். ஒரு டப்பா ஸ்வீட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். என் மெஷின் ஆள் அதை வாங்கிப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தான். காலையில் அவர்கள் பொரிதான் சாப்பிடுவார்கள். வெங்காயம், பச்சைமிளகாய், கடுகெண்ணெய் போட்டுக் கலந்து எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள்.

"ஒக்காரு நைனா. இன்னாத்துக்கு வந்தன்னு தெரியும்."

"நாளைக்கு உள்ள போவாதீங்கப்பா."

"போவலன்னா கான்ட்ராக்டர் ரூமைக் காலி பண்ணச் சொல்வான். எங்க பட்துக்கறது? பட்டினத்தார் கோயில்லயா?"

"நாலு நாளு தாங்குங்க. ஜெயிச்சா உங்களுக்கும் நல்லது."

"இன்னா நல்லது? சங்கத்துல எங்க பேரை எய்துவியா?"

எழுதுவேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான். "அப்பறம் பேசறோம்னு சொல்லிக்கீறாங்க" என்றேன்.

மூலையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தவன் ஒடியாவில் ஏதோ கேட்டான்.

"இவன் இன்னா கேக்கறான்னா, உன் வேலைக்காவத்தானே ஸ்டிரைக்குன்னு. என் கையாலதான் உன் வேல போச்சு, அத்த இவனுங்க கிட்ட சொல்லிக்கீறேன். ஆனா அதுக்காவ பத்து பேரை பட்டினி கெடங்கடான்னு எப்படி சொல்வேன் நைனா?"

நான் பொரியைத் தின்றேன்.

"ஒண்ணு கேக்கவா? கோச்சுக்காத. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டலம் வெச்சாங்களே, மெஷினு துன்னுச்சா?"

"வழக்கம்பா அது."

"ஆறு வருசமா பாக்குறேன். நான் எதிர்ல நின்னுகினு கீறேன். நீ ரெண்டையும் எட்துகினு போற. பொரி பெரிய விசயமில்ல நைனா, பாரு, எங்க ரூம்ல மூட்டையே கீது. மெஷினை நீங்க ஆளா சேத்துக்கினீங்க. அதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. கை கழுவிவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்தான். "படி பார்த்து எறங்கு" என்றான்.

பந்தலுக்கு வந்து செயலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். பேர் எழுதுகிறோம் என்றால் நம்மோடு நிற்பார்கள் என்றேன். "பொரிக்கு ஒரு ஸ்டிரைக்கா? பேஜாருபா" என்று எழுந்து போனார்.

திங்கட்கிழமை ஏழரைக்குப் பஸ் வந்தது. எங்கள் ஆட்கள் திட்டினார்கள். ஊர் சொல்லித் திட்டினார்கள். ஒருவன் கல் எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"யோவ், உன் வேலைக்குத்தானே அடிக்கிறேன்!"

"வேணாம்" என்றேன்.

என் மெஷின் ஆள் மூன்றாவது ஜன்னலில் இருந்தான். என்னைப் பார்த்தான். தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. நானும் திருப்பிக்கொள்ளவில்லை. பஸ் உள்ளே போனது. கேட்டை மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் பிரஸ் ஓடுகிற சத்தம் கேட்டது. என் பிரஸ் சத்தம் எனக்குத் தெரியும்.

பதினோராம் நாள் ஸ்டிரைக் முடிந்தது. சம்பளம் கொஞ்சம் ஏற்றினார்கள். என் விஷயம் தனியாகப் பரிசீலிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. சங்கம் கையெழுத்துப் போட்டது.

"கேஸ் போட்டு பாத்துக்கலாம் மாமு" என்றார் செயலாளர். கேஸ் நடக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து என் மெஷின் ஆள் போன் செய்தான். கார்டு போட்டால்தான் மெஷினில் நிற்போம் என்று பதினொரு பேரும் சொல்லிவிட்டார்களாம். போட்டுவிட்டார்கள் என்றான். என் இடத்தில் யார் என்று நான் கேட்கவில்லை.

பைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கப்பலிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து, கழுவி, ஓட்டை பார்த்து, அடைக்க வேண்டும். உள்ளே சூடு தாங்காது. நானும் கான்ட்ராக்ட்தான். முப்பது பேர் இருக்கிறோம். பீகார், ஒடிசா, ஆந்திரா, வியாசர்பாடி. சங்கம் கிடையாது.

பத்து நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தனிடமும் போய் உட்காருகிறேன். சங்கம் ஆரம்பிக்கலாம் என்று சொல்லி, பேர் கேட்டு நோட்டில் எழுதுகிறேன். அவர்கள் சொல்கிற பேரை என் காதுக்குக் கேட்ட மாதிரி தமிழில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது. பதினெட்டுப் பேர் சரி என்றார்கள். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். அவசரப்படுத்தவில்லை.

கான்ட்ராக்டர் காதுக்குப் போய்விட்டது. நேற்று கூப்பிட்டான்.

"பெருசு, உனக்கு வேல வேணுமா வேணாமா?"

"வேணும்" என்றேன்.

சாயங்காலம் இன்னும் இரண்டு பேர் வந்து பேர் சொன்னார்கள்.