சுண்ணாம்பு பூசிய சாலையில் இரண்டு விமானங்கள்

பொவே நகரத்திலிருந்து வடக்கே கடற்கரைப் பக்கம் போகும் நெடுஞ்சாலையில், ஒமேர்வில் ஊரை ஒட்டிய பகுதி ஃபிதேல் லாங்லேயின் பொறுப்பில் இருந்தது. பள்ளம் விழுந்தால் ஜல்லி கொட்டி இடித்து இறுக்குவார். மழைக்கு முன்னால் ஓரத்துக் கால்வாயைத் தூர் வாருவார். திருப்பத்தில் நின்ற எல்ம் மரங்களின் அடியில் வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிப்பார். உலகச் சண்டை நடந்த நாலு வருஷமும் பட்டாளத்து லாரிகளுக்காக இதே வேலையைத்தான் வேறு சாலைகளில் செய்தார். திரும்பி வந்தபோது இருமலும் கூடவே வந்தது. மற்றபடி ஆள் மாறவில்லை என்று அவர் மனைவி ஸெலி சொல்வாள். அதைப் புகார் சொல்கிற குரலில்தான் சொல்வாள்.

சண்டை முடிந்து கொஞ்ச நாளில் சாலைக்கு மேலே விமானங்கள் வர ஆரம்பித்தன. லண்டனிலிருந்து பாரிஸுக்கும் பாரிஸிலிருந்து லண்டனுக்கும் தபாலையும் பணக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு போயின. வழி காட்ட வானத்தில் எதுவும் கிடையாது. விமானிகள் இந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டுதான் பறந்தார்கள். மேகம் தாழ்ந்த நாட்களில் மரத்து உச்சியில் சக்கரம் உரசுமோ என்று பயப்படும் அளவுக்குக் கீழே வந்தார்கள். ஃபிதேல் மண்வெட்டியை உயர்த்திக் காட்டுவார். மேலேயிருந்து ஒரு கை அசையும்.

அவர்களில் ஒருவன் ரெமி கோகெல். பக்கத்து அமியான் நகரத்துப் பையன். அவன் அம்மா அங்கே பொத்தானும் நூலும் விற்கும் கடை வைத்திருந்தாள். பாரிஸில் காலையில் வாங்கிய செய்தித்தாளைக் கல்லில் கட்டி ஃபிதேலுக்காகப் போடுவான். ஒரு நாள் அது கோழிக்கூண்டின் மேல் விழுந்து ஒரு கோழி செத்துப்போனது.

"பேப்பர் யாருடா கேட்டா? கீழ இறங்குடா, உன் காதைத் திருகறேன்!" என்று ஸெலி வானத்தைப் பார்த்துக் கத்தினாள். மறுநாள் கல்லோடு சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்த சாக்லேட் வந்தது. அதற்குப் பிறகு ஸெலியும் எஞ்சின் சத்தம் கேட்டால் வாசலுக்கு வர ஆரம்பித்தாள்.

இன்னொருவன் இங்கிலீஷ்காரன், பாஸ்கோ. எஞ்சின் மக்கர் செய்ததால் ஒரு வசந்த காலத்து மதியம் எதிரே இருந்த வயலில் இறங்கினான். உடன் வந்த பிரயாணிகள் டாக்ஸி பிடித்துப் போய்விட்டார்கள். மெக்கானிக் வரும்வரை இவன் லாங்லே வீட்டில் தங்கினான். வெண்ணெயும், வெங்காயத்தாள் மாதிரியான லீக்கும் வைத்து ஸெலி சுட்ட அடையை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றான். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம்தான்.

"என் மிஷினுக்கு வயித்து வலி. எனக்கு இல்ல, அம்மா. எனக்கு இன்னும் ஒண்ணு குடுங்க."

ஃபிதேல் ஆப்பிள் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பனி மூட்டத்தில் எப்படித்தான் வழி கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"மேப் இருக்கு. குளிர்ல அது மேல உக்காந்துக்கலாம், அவ்வளவுதான். உங்க ரோடுதான் வழி. எல்லா ரோடும் மேலேருந்து ஒரே மாதிரி சாம்பலா இருக்கும். ஆனா இந்தத் திருப்பத்துல வெள்ளை மரம் வரும் பாருங்க, அப்பதான் மூச்சு விடுவேன். சரியா வந்துட்டோம்னு."

இதுவரை அவர் வேலையைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை. பாஸ்கோ போன மறுவாரமே ஃபிதேல் திருப்பத்து மரங்களோடு நிறுத்தாமல் தன் பகுதி முழுவதும் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினார். அரசாங்கம் கொடுத்த சுண்ணாம்பு போதவில்லை. சர்க்கரை ஆலையில் கழித்துக் கொட்டியதைக் கேட்டு வாங்கி வண்டியில் கொண்டுவந்தார்.

"மரத்துக்கெல்லாம் சட்டை போடறீங்க. நம்ம வீட்டுச் சுவரு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. அது கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள் ஸெலி.

"சுவத்தைப் பாத்து யாரும் பறக்கலயே."

"பறக்கறவங்களுக்குப் பொண்டாட்டியா இருந்திருக்கலாம் போல, நான்."

சொன்னாளே தவிர, ஒரு மதியம் அவளே இன்னொரு தூரிகையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

அது நடந்தது பீட்ரூட் அறுவடைக் காலத்தில். பீட்ரூட் வண்டிகள் சாலையெங்கும் சேற்றை இழுத்துவிட்டிருந்தன. ஃபிதேல் காலையிலிருந்து அதை வழித்துக்கொண்டிருந்தார். அடுத்த மரம் தெரியும், அதற்கடுத்தது தெரியாது. அப்படி ஒரு பனி. வடக்கிலிருந்து ஒரு எஞ்சின் சத்தம் வந்தது. தாழ்வாக வருகிறது என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்தும் ஒன்று. இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று கடந்து போவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அதனால் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு பீட்ரூட் வயலுக்கு மேலே, கிழக்குப் பக்கம், பாஸ்கோவின் விமானம் பனியிலிருந்து வெளியே வந்தது. மற்றச் சத்தமும் அதே பக்கம்தான் கேட்டது. அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே ஓடினார். யாருக்குக் கேட்கும்?

பெரிய கதவொன்றை ஓங்கிச் சாத்தின மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எஞ்சின் சத்தமே இல்லை. துணியும் மரச் சட்டமும் கிழிந்து விழும் சத்தம் மட்டும். ஒரு சக்கரம் சாலையில் தானாக உருண்டு வந்து கால்வாயில் சாய்ந்தது.

ரெமியின் விமானம் வயலின் நடுவில் எரிந்துகொண்டிருந்தது. கிட்டே போக முடியவில்லை. அதிலிருந்த யாரும் பிழைக்கவில்லை. மற்ற விமானத்துப் பிரயாணிகள் இருவரும் விழுந்த இடத்திலேயே செத்துக் கிடந்தார்கள். பாஸ்கோ மட்டும் தூக்கி எறியப்பட்டு உழுத மண்ணில் கிடந்தான். கண் திறந்திருந்தது. ஃபிதேல் மண்டியிட்டு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவன் அவரை அடையாளம் கண்டானா தெரியாது. தன் பாஷையில் ஏதோ கேட்டான். கேள்விதான் என்பது மட்டும் குரலில் தெரிந்தது. இவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவையும் அதையே கேட்டான்.

"ஆமாப்பா, ஆமா" என்று ஃபிதேல் தலையாட்டினார். "ஆமா, ஆமா."

பாஸ்கோவின் முகம் தளர்ந்தது. ஊர்க்காரர்கள் ஏணியும் போர்வையுமாக ஓடி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

பாரிஸிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஒற்றைக் கையர், சண்டையில் விமானம் ஓட்டியவர். ஃபிதேல் பார்த்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, சாலை நடுவில் போய் நின்றார்.

"இங்கிலீஷ்காரங்க ஊர்ல வண்டியெல்லாம் இடது பக்கம் போகும். நம்ம ஊர்ல வலது பக்கம். அவரு ரோட்டுக்கு இடது பக்கமா தெக்க வந்தாரு. நம்ம ஆளு வலது பக்கமா வடக்க போனாரு. ரெண்டும் ரோட்டுக்கு எந்தப் பக்கம்?"

ஃபிதேல் வயலைப் பார்த்தார். "கிழக்கு."

"ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் ஓட்டியிருக்காங்க. மேல எந்தப் பக்கம் போகணும்னு யாரும் இன்னும் சொல்லி வைக்கல. அதுதான் தப்பு."

ஃபிதேல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஐயா, இந்த மரமெல்லாம் வெள்ளையா இல்லாம இருந்திருந்தா, இவ்வளவு கீழ வந்திருப்பாங்களா?"

அதிகாரி மரங்களின் வரிசையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் போலிருக்கிறது. "தெரியல" என்றார். "வந்திருப்பாங்கன்னுதான் நினைக்கிறேன். ஆனா தெரியல."

அதற்குப் பிறகு ஃபிதேலுக்கு ஒரு பழக்கம் வந்தது. சேறு வழிக்கும்போதும் சூப் குடிக்கும்போதும் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். "சாப்" என்று ஒன்று வரும், "கெட்டௌன்" என்று ஒன்று வரும். ஸெலி பயந்துபோனாள்.

"என்னய்யா இது, ஜெபமா?"

"அந்த இங்கிலீஷ்காரப் பையன் கடைசியா சொன்னது. அர்த்தம் தெரியாது. சத்தத்தையாவது விடாம வச்சிருக்கேன். அவன் பொண்டாட்டி வந்து கேட்டா என்ன சொல்றது?"

அன்றிலிருந்து அவர் முணுமுணுப்பை நிறுத்தினால், மறந்துவிட்டதோ என்று அவளே நிமிர்ந்து பார்ப்பாள்.

பனிக்காலத் தொடக்கத்தில் பாஸ்கோவின் மனைவி வந்தாள். உயரமான, மெலிந்த பெண். சாராயக்கடை லியோனிதான் மொழிபெயர்த்தாள். சண்டையின்போது இங்கிலீஷ் சிப்பாய்களுக்கு முட்டையும் உருளைக்கிழங்கும் பொரித்துப் போட்டே அந்த பாஷையைக் கற்றவள். ஃபிதேலும் ஸெலியுமாக நான்கு பேரும் வயலுக்குப் போனார்கள். பீட்ரூட் அறுத்தாகிவிட்டது. காட்டுவதற்கு மண் மட்டும்தான் இருந்தது.

"உடனே உயிர் போயிடுச்சான்னு கேக்கறாங்க" என்றாள் லியோனி.

"இல்ல. கொஞ்ச நேரம் இருந்தாரு. என் மடியிலதான் இருந்தாரு. ஏதோ கேட்டாரு." ஃபிதேல் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஞானோபதேசம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல அந்தச் சத்தங்களைச் சொன்னார்.

லியோனிக்கு விளங்கவில்லை. அந்தப் பெண் மறுபடி சொல்லச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாவது தடவை அவர் சொன்னபோது அவள் உதடு கூடவே அசைந்தது. பிறகு கையுறை போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க பேரையா சொன்னாரு?" என்று ஸெலி கேட்டாள்.

லியோனி இங்கிலீஷில் கேட்டு, பதிலை வாங்கினாள். "இல்லயாம். 'இன்னொருத்தர் பத்திரமா இறங்கிட்டாரா'ன்னு கேட்டிருக்காரு."

ஃபிதேல் லியோனியின் பக்கம் திரும்பினார். "நான் ஆமான்னு தலையாட்டினேன். என்ன கேக்கறாருன்னு தெரியாம ஆமா ஆமான்னு சொன்னேன். அதைச் சொல்லு அவங்ககிட்ட. ரெமி அங்க எரிஞ்சுக்கிட்டிருந்தான். நான் ஆமான்னேன்."

லியோனி சொன்னாள். அந்தப் பெண் மண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். தன் பெயர் அதில் இருக்கும் என்றுதான் அவள் கடல் தாண்டி வந்திருப்பாள். கடைசியில் அவள் குனிந்து, சுண்ணாம்பில் வெடித்துப்போன ஃபிதேலின் வலது கையை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அதை நம்பிக்கிட்டே போனாருன்னா சரி, அப்படீங்கறாங்க" என்றாள் லியோனி. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அந்தக் குளிர்காலத்திலேயே அரசாங்க விதி வந்தது. மேலே பறக்கிறவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் சாலைக்கு வலது பக்கம்தான் போகவேண்டும். ஃபிதேல் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதை நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தார். வசந்தத்தில் ஒரு மூடுபனிக் காலையில் யாரோ ஒரு விமானி மேலிருந்து கையசைத்துப் போனான். யார் என்று தெரியவில்லை. மறுநாள் சுண்ணாம்புக்காக ஆலைக்கு வண்டி கட்டினார்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு அமியானுக்கு ரயில் ஏறினார். பொத்தான் கடையின் பின்கட்டில் ரெமியின் அம்மா மட்டும் இருந்தாள். கோழிக் கதையைச் சொன்னார், சாக்லேட்டைச் சொன்னார், பிறகு பாஸ்கோ கேட்டதைச் சொன்னார். தான் தலையாட்டியதையும் மறைக்கவில்லை.

அவள் மடியிலிருந்த பொத்தான் பெட்டியை மூடினாள். "என் பிள்ளைக்கு வலிச்சிருக்குமான்னு எல்லாரையும் கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல. அந்த ஆளு, சாகற நேரத்துல, என் பிள்ளையை விசாரிச்சாரா?"

"ஆமாம்மா. ரெண்டு தடவை."

"அவரு பேரு என்ன?"

"பாஸ்கோ."

"அது குடும்பப் பேரு. அவங்கம்மா வச்ச பேரு?"

ஃபிதேலுக்குத் தெரியவில்லை. மூன்று அடை தின்றவன், அவர் மடியில் செத்தவன். அவன் சொந்தப் பேரை ஒருநாளும் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்துபோய் அவருக்கும் சேர்த்து அடுப்பில் காபியைச் சூடாக்கினாள்.