செல்விக்கும் அன்றுதான் முதல் நாள்

இன்று புதுக்கோட்டையில் ஒரு புத்தகக் கடையில் நின்றபடியே மகளுக்குப் படக்கதை ஒன்றை வாசித்தேன். முதல் நாள் பள்ளிக்குப் போகப் பயந்த முயல்குட்டியின் கையை ஓர் அணில் பிடித்துக்கொள்ளும் கதை.

திங்கட்கிழமை அவளுக்கும் முதல் நாள்.

"அம்மா, ஒனக்கு யாரும்மா கையப் பிடிச்சா?" என்றாள்.

செல்வியைப் பற்றிச் சொன்னேன். கட்டுமாவடியில் ஒன்றாம் வகுப்பில் நான் அழுதபோது, பக்கத்தில் இருந்த செல்வி தன் பாவாடை நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "அழுவாதடி, நானும் இங்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள்.

மகள் யோசித்தாள். "செல்விக்கும் அன்னைக்குத்தான மொத நாளு? அவளுக்குப் பயமா இல்லையாம்மா?"

முப்பது வருடமாக எனக்கு இது தோன்றவே இல்லை.

ஐந்தாம் வகுப்போடு அவள் குடும்பம் ஊர் மாறிவிட்டது. நம் பக்கம் செல்விகளுக்குப் பஞ்சமில்லைதான். இருந்தாலும் கேட்கிறேன், யாருக்காவது அவளைத் தெரியுமா?