பதினோரு கிலோமீட்டர்

கெலாங் பாத்தா கடைவீதியில் என் போட்டோஸ்டேட் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு டயர் கடை இருக்கிறது. அங்கே லாரிக்கும் காருக்கும் டயர் மாற்றுகிறவன் சதாசிவம். வயது ஐம்பத்து நான்கு. மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு என் கடைக்கு வருவான். என்னிடம் காற்றாடியும் இருக்கிறது, வைஃபையும் இருக்கிறது. எதற்காக வருகிறான் என்று நான் கேட்டதில்லை.

அவன் கைப்பேசியில் ஒரு விளையாட்டு. உலகத்தில் ஏதோ ஒரு சாலையின் படத்தைக் காட்டும். எந்த நாடு, எந்த ஊர் என்று சொல்லாது. அம்புக்குறியைத் தட்டித் தட்டிச் சாலையில் முன்னே பின்னே போய்ப் பார்க்கலாம். பிறகு உலக வரைபடத்தில் ஓரிடத்தில் ஊசி குத்த வேண்டும். சரியான இடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு புள்ளி. மிஞ்சிப்போனால் ஐயாயிரம். வேறு ஏதோ நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளும் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் முந்துகிறார் என்பதுதான் போட்டி.

தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் சதாசிவம். படத்தில் தெரியும் பெயர்ப்பலகைகளை அவன் படிப்பதில்லை. தார் எப்படிக் கிடக்கிறது, ஓரத்து மண் என்ன நிறம், மின்கம்பம் மரமா சிமெண்டா, நிற்கிற லாரியின் டயர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, இதைத்தான் பார்ப்பான்.

"அண்ணே, இது பொலிவியா லா. டயர் தேஞ்சிருக்கிற தேய்ச்சலப் பாருங்க. மல ரோடு."

குத்துவான். பொலிவியாவாகத்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் எஸ்பிஎம் பள்ளித் தேர்வில் புவியியலுக்குச் சிறப்புத் தேர்ச்சி வாங்கியவன்.

அந்த விளையாட்டில் எல்லாருடைய பெயருக்குப் பக்கத்திலும் ஒரு நாட்டுக் கொடி இருக்கும். இவன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் வெறும் சாம்பல் கட்டம். மலேசியாக் கொடியைப் போட்டுக்கொள்ளேன் என்று ஒருநாள் சொன்னேன்.

"எங்கிட்ட இருக்கிறது செவப்பு ஐசிண்ணே. கொடியப் போட்டா அதுக்கும் ஒரு பாரம் நெரப்பச் சொல்லுவானுங்க" என்று சிரித்தான்.

நீல அடையாள அட்டை குடிமகனுக்கு. சிவப்பு என்றால், இங்கேயே இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. பாஸ்போர்ட்டும் கிடையாது. சதாசிவம் ஜொகூர் மாநிலத்தை விட்டு மிகத் தூரம் போனதே பத்துமலைக் கோயிலுக்குத்தான். கஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா அஞ்சலை இவனுக்கு இரண்டு வயதில் இறந்துபோனாள். அப்பா இவன் பிறப்பைப் பதியவே இல்லை. அப்பாவும் போய், தோட்டமும் போய், இப்போது அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனையும் ஒரு வேலியும்தான் இருக்கின்றன.

கடைவீதியிலிருந்து இரண்டாம் பாலம் காரில் கால் மணி நேரம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், ஜூரோங்கில், எட்டாவது மாடியில் அவன் மகள் லோஷினி குடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தாதி வேலை. அவள் கல்யாணத்தை அங்கே பதிவு செய்தபோது இவன் என் கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தான். இவன் மனைவி தனலெட்சுமிக்கு நீல அட்டை, அவள் மாதம் ஒருமுறை போய் வருவாள். சமையலறை சின்னது, ஜன்னலில் காற்று நன்றாக வருகிறது என்று வந்து சொல்லுவாள். இவன் அந்தத் தெருவைப் படத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறான். பாலத்தில் ஏறி, அம்பைத் தட்டித் தட்டி, மகள் வீட்டு அடுக்குமாடியின் கீழேயிருக்கும் பஸ் நிறுத்தம்வரை போவான். அதற்கு மேலே போக அம்பு இல்லை.

"ஒரு தடவ மேல போயி, அவ கையால ஒரு வாய் சோறு சாப்பிட்டுட்டு வந்துரணும்ணே. வேற ஒண்ணும் வேணாம்" என்பான்.

குடியுரிமைக்கு முப்பது வருடத்தில் நான்கு தடவை விண்ணப்பித்தான். நான்கையும் நிரப்பியவன் நான். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று கடைவீதியில் எனக்குப் பெயர் உண்டு. பிறந்த இடம் என்ற கட்டத்தில் நான்கு தடவையும் தோட்டத்தின் பெயரையும், மாவட்டம் குளுவாங் என்றும் அழகாக எழுதினேன். நான்கு தடவையும் ஆதாரம் போதாது என்று பதில் வந்தது. கடைசி முறை முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் நல்லவள், மாமா முறை வைத்தே பேசினாள். "பாக்சிக், நீங்கள் பிறந்ததை நேரில் தெரிந்த ஆள் யாராவது உயிரோடு இருந்தால் கூட்டி வாருங்கள்" என்று சொல்லியனுப்பினாள்.

அப்படி ஓர் ஆள்தான் மிச்சம். தோட்டத்து டிரஸ்ஸர் சாம்பசிவம். டாக்டர் இல்லாத தோட்டத்தில் மருந்து கொடுத்து, கட்டுப்போட்டு, பிரசவமும் பார்த்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தை விட்டுப் போனவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

லோஷினிதான் பேஸ்புக்கில் ஒரு படத்தைப் பிடித்தாள். சரோஜினி என்ற பெண், இரண்டு வருடத்துக்கு முன் தன் அப்பாவின் தொண்ணூறாவது பிறந்தநாள் என்று போட்டிருந்தார். அப்பா பெயர் சாம்பசிவம், முன்னாள் டிரஸ்ஸர். ஊர் பெயர் இல்லை. லோஷினி அனுப்பிய செய்தி எதற்கும் பதிலும் இல்லை. முன்பின் தெரியாதவர்களுக்குச் சரோஜினி பதில் போடுவதில்லையாம், பின்னால் தெரிந்தது.

படத்தில் ஒரு கிழவர், ஒரு கேக், பின்னால் பச்சை இரும்புக் கதவு. கதவுக்கு வெளியே ஒரு துண்டு சாலை. நான் பார்த்தபோது எனக்குக் கேக்தான் தெரிந்தது.

சதாசிவம் அந்தத் துண்டுச் சாலையை விரலால் பெரிதாக்கினான். எதிர்வீட்டு வாசலில் ஏதோ கட்டைகள் அடுக்கியிருந்தன.

"அது நாக்காலிண்ணே. துணி தைக்காத நாக்காலி. எலும்புக்கூடு மட்டும் அடுக்கி வச்சிருக்கான். வீட்டுக்கு வீடு பெர்னிச்சர் வேல செய்யிற ஊரு எது?"

"மூவார்" என்றேன்.

"அதேதான் லா."

மூவார் என்ன ஒரு தெருவா? மூன்று வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க, பொலிவியாவும் பின்லாந்தும் இல்லாமல் மூவாரின் குடியிருப்புகளை ஒவ்வொரு சந்தாகத் தட்டினான். கால்வாய் மூடி, கதவின் பச்சை, ஒரு பக்கம் சாய்ந்த மின்கம்பம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் வர வேண்டும். இருபதாவது நாள் சோற்றுக் கையோடு எழுந்து நின்றான். கம்பம் சாய்ந்திருந்தது. கதவு பச்சை.

ஞாயிற்றுக்கிழமை அவன் காரில் போனோம். சத்தியப் பிரமாணம் எழுத வேண்டும் என்பதால் என்னையும் தாள்களோடு ஏற்றிக்கொண்டான். கதவைத் திறந்த சரோஜினிக்கு எழுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியை. நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும், "அட கடவுளே, ஒரு படத்தை வச்சோ வீட்டைக் கண்டுபிடிச்சியள்?" என்று பயந்துபோய், பிறகு சிரித்து, உள்ளே கூட்டிப்போனார்.

சாம்பசிவத்துக்குத் தொண்ணூற்றிரண்டு. சட்டைப்பையில் பேனா செருகியிருந்தார். நான் தாளை நீட்டினேன். அஞ்சலை மகன் சதாசிவம், எழுபத்தொன்றாம் ஆண்டு ஜனவரி, தோட்டத்தில் பிறந்தான் என்பதை நானறிவேன் என்று தட்டச்சு செய்திருந்தேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். சதாசிவத்தின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, முந்நூறு பிள்ளையளுக்கு மேல நான் பிறப்பிச்சிருக்கிறன். உம்மை எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததுக்குச் சத்தியம் செய்ய ஏலாது."

"அப்பா, அந்தப் பிள்ளையின்ர நிலமையை யோசியுங்கோவன்" என்றார் சரோஜினி.

"யோசிச்சுத்தான் சொல்லுறன். பொய்ச் சத்தியம் என்னால ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. தொண்ணூற்றிரண்டு வயதில் இனி யார் வந்து இவரைப் பிடிக்கப்போகிறார்கள்? ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே. சதாசிவம் கோபப்படவில்லை. சும்மா வந்ததற்கு ஏதாவது காட்டிவிட்டுப் போவோம் என்பதுபோல் கைப்பேசியை எடுத்துத் தோட்டத்து வாசல் இருந்த சாலையின் படத்தைத் திறந்தான்.

"பாருங்க ஐயா. ஒங்க மருந்துக்கொட்டாய் இங்கதான் உள்ளுக்கு இருந்திச்சு. இப்ப எல்லாம் செம்பனை."

கிழவர் கைப்பேசியை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அம்பைத் தட்டினால் சாலை நகரும் என்று தெரிந்ததும் முகமே மாறிவிட்டது. "இஞ்சால ஒரு மதகு இருந்தது" என்றார். இருந்தது. குளுவாங் பக்கம் கொஞ்ச தூரம் போனார். பிறகு, "இந்தப் பக்கம் வேண்டாம், திருப்பும். மெர்சிங் பக்கம் விடும்" என்றார். சதாசிவம் திருப்பி வைத்தான். அவரே தட்டினார். அரை மணி நேரம் தட்டியிருப்பார். சரோஜினி தேநீர் கொண்டுவந்து, அது ஆறியும் போனது.

ஒரு சின்னப் பாலத்தில் விரல் நின்றது.

"இஞ்சதான் லொறி நிண்டது."

"எந்த லாரிங்கையா?"

"தோட்டத்து லொறி. பெருவெள்ளம் வந்த வருஷம். ஒரு பொம்பிளைக்கு வலி கண்டு, பிள்ளை குறுக்கால கிடந்தது. குளுவாங் றோட்டு தண்ணிக்குள்ள. மெர்சிங் ஆஸ்பத்திரிக்கு விடு எண்டு றைவரிட்டச் சொன்னன். அரைவாசி வழியில, இந்தப் பாலத்தில, எல்லாம் திரும்பி, பிறந்திட்டுது. சுத்துறதுக்குத் துணி இல்லாமல் என்ர சட்டையைக் கழட்டிச் சுத்தினன். தாயையும் பிள்ளையையும் மெர்சிங் வாட்டில விட்டிட்டு, ரெண்டு கிழமைக்குள்ள அங்கயே போய்ப் பதி எண்டு தகப்பனிட்டச் சொன்னன். பதிஞ்சானோ தெரியாது."

நான்தான் கேட்டேன். "அந்தப் பொம்பளை பேரு?"

"அஞ்சலை" என்றார். சொன்ன பிறகுதான் என் தாளை மறுபடி பார்த்தார். பிறகு சதாசிவத்தை. "நீரோ அது?"

சதாசிவம் தலையை ஆட்டினான்.

கிழவர் என் தாளில் "தோட்டத்தில்" என்ற சொல்லை அடித்து, மேலே பேனாவால் "மெர்சிங் சாலையில், லொறியில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து, முறைப்படி மறுபடி வாங்கினோம்.

அந்தப் பாலம் இருப்பது மெர்சிங் மாவட்டம். நாங்கள் இத்தனை வருடம் குளுவாங்கில் தேடச் சொல்லிக்கொண்டிருந்தோம். மெர்சிங்கில் பழைய வார்டுப் புத்தகத்தில் ஒரே நாளில் கிடைத்தது: அஞ்சலை, ஆண் குழந்தை, வழியில் பிறந்தது. ஐந்தாவது பாரத்தை நிரப்பும்போது பிறந்த இடம் என்ற கட்டத்தில் என் பேனா கொஞ்சம் தயங்கியது. வெட்கமாகத்தான் இருந்தது. நான்கு தடவை தப்பை அழகாக எழுதியவன் நான்.

சதாசிவம் என் எதிரே உட்கார்ந்து தோட்ட வாசலுக்கும் பாலத்துக்கும் தூரம் அளந்துகொண்டிருந்தான்.

"பதினோரு கிலோமீட்டர்ண்ணே. கேம்ல பதினோரு கிலோமீட்டர் தப்புன்னா ஒண்ணுமே இல்ல. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கெடைக்கும்." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இங்க முப்பது வருஷம் போச்சு" என்றான்.

விளையாட்டில் குத்திய மறு நொடியே விடை வந்துவிடும். இதற்குப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் சாம்பசிவம் காலமாகிவிட்டார். மூவாருக்குப் போய்த் தோள் கொடுத்துவிட்டு வந்த சதாசிவம் இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. நீல அட்டை வந்தது. பாஸ்போர்ட்டும் வந்தது. கொடியைப் போட்டுக்கொண்டாயா என்று கேட்டேன். மறந்தே போய்விட்டானாம்.

போன சனிக்கிழமை மகள் வீட்டுக்குப் போனான். மத்தியானம் என் கடையில் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது கைப்பேசியில் கூப்பிட்டான். படம் ஆடியது. ஏதோ ஒரு நீண்ட நடைபாதை, கொடியில் துணி, தூரத்தில் நிறையக் கட்டடங்கள்.

"அண்ணே, எட்டாவது மாடி. எல்லா ரோடும் மேலருந்து தெரியுது. ஒண்ணுகூட எதுன்னு தெரியல லா. பஸ் ஸ்டாப்ப தேடுறேன், எந்தப் பக்கம்னே புரியல."

அவன் அழுதுகொண்டிருந்தான். உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. "அப்பா, சோறு ஆறுது, வாங்க" என்று லோஷினி கூப்பிட்டாள்.

"போய்ச் சாப்பிடுய்யா" என்று சொல்லிவிட்டு, வரிசையில் முதலில் நின்றவரிடம் எத்தனை பிரதி என்று கேட்டேன்.