தியாகுவின் கை சட்டைப் பைக்குப் போன கதை

ஜெயமலருக்கு இருந்த கொஞ்சப் பொறுமையும் அந்தக் கிழமையோடு தீர்ந்துபோனது. அவளுடைய கணவன் தியாகு, கொலோனில் அலுவலகங்கள் துடைக்கிற நாற்பத்தாறு வயது மனிதர், வரவேற்பறை நடுவில் காலை அகட்டி நின்று, குதிரையில்லாத குதிரைவீரனாக முறைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு வழுக்கலால் வந்த வினை. கணினி விளையாட்டுச் செய்கிற ஒரு கம்பனியின் படிகளில் வாளியோடு வழுக்கி விழுந்தார். பார்த்தவர்கள் தூக்கிவிடவில்லை, “இன்னொரு தரம் விழ முடியுமா?” என்று கேட்டார்கள். அமெரிக்கக் கௌபாய்க் கதை ஒன்றை விளையாட்டாக்கிக்கொண்டிருந்தார்களாம். சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் ஒட்டிய இறுக்கமான கறுப்பு உடுப்பை மாட்டிவிட்டார்கள். சுற்றியிருந்த கமராக்கள் அவருடைய அசைவைப் பிடித்து விளையாட்டுப் பொம்மைக்குக் கொடுத்தன. மூன்று கிழமையில் தியாகு அறுபத்திரண்டு தரம் சுடப்பட்டுச் செத்தார்.

பிறகு, சுடுகிறவனாகவே நடிக்கச் சொன்னார்கள். எதிராளி துவக்கை நீட்டியதும் இடுப்பிலிருந்து தன்னுடையதை உருவ வேண்டும். அவ்வளவுதான். ஆனால் துவக்கைக் கண்டதும் அவருடைய கை நெஞ்சுக்குப் போய், இல்லாத சட்டைப் பையில் இல்லாத அடையாள அட்டையைத் தேடியது. யுத்த காலத்தில் ஊர்ச் சோதனைச்சாவடிகளில், துவக்கு நீட்டிய ஆமிக்கு அட்டை காட்டிப் பழகிய கை. வெள்ளிக்கிழமையும் சரிவராவிட்டால் வேறு ஆள் என்றுவிட்டாள் இயக்குநர்.

ஜெயமலர் தலைமுடி காயவைக்கிற மெஷினைத் துவக்காக நீட்டினாள். கை நெஞ்சுக்கே போனது.

“இஞ்சாருங்கோ, இடுப்பு எங்கை இருக்கெண்டும் நான் காட்டவோ?”

“கை தானாப் போகுது. நான் என்ன செய்ய?”

“ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருசம். இஞ்சை ஆர் உங்களிட்டைக் கார்ட் கேக்கினம்?”

“ட்ராமில கேப்பாங்கள்.”

“அவங்கள் டிக்கெட் எல்லோ கேக்கிறாங்கள்! துவக்கோடையே வாறாங்கள்? ஏலாதெண்டு சொல்லிப்போட்டு விடுங்கோ.”

“அறுபத்திரண்டு தரம் விழுந்திட்டன், மலர். ஒருக்கால் நிண்டு பாக்கிறனே.”

ஜெயமலர் மெஷினைப் போட்டு, காய்ந்திருந்த தலையையே இன்னும் காயவைத்தாள். முகம் சுவர்ப் பக்கம் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கமராக்களுக்குப் பின்னால் போய் நின்றாள். எதிராளி துவக்கை நீட்டினான். தியாகுவின் கை நெஞ்சை நோக்கிக் கிளம்பியது.

“உங்கட அக்கா தந்த சீலையைக் கிழிச்சு நிலம் துடைக்கிறன்!” என்று கத்தினாள்.

தியாகுவுக்குப் பயம் மறந்து கோபம் வந்தது. கை பட்டென்று இடுப்புக்கு இறங்கியது, உருவினார், சுட்டார். இயக்குநர் துள்ளினாள். அருமை, இதே மாதிரி இன்னும் ஆறு தரம் வேண்டும் என்றாள்.

ஒவ்வொரு தரமும் அவரைக் கோபப்படுத்த ஒரு பொய்யைக் கத்திய ஜெயமலரிடம், மூன்றாவது தரத்தோடு பொய்கள் முடிந்துவிட்டன. வேறு வழியில்லாமல் உண்மைக்கு வந்தாள்.

“உங்கட சைக்கிள் களவு போகேல்லை. நான்தான் குடுத்தனான்.”

அன்றைக்கு அவர் ஆக வேகமாக உருவியது அப்போதுதான். வேடம் அவருக்கே கிடைத்தது. வீடு திரும்பும் ட்ராமில், நாலாவது தரிப்பிடத்தில், அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“ஆருக்குக் குடுத்தனீர்?”

“பேசாமல் வாங்கோ,” என்றாள் ஜெயமலர். “எனக்குத் தொண்டை நோகுது.”