மாட்டுக்கு இருந்த பட்டியல்

1991-இல் மல்லிகா என்ற பெண் வரைந்த வரைபடத்தை நான் வரைந்ததாகச் சொல்லி மேலதிகாரியிடம் பாராட்டு வாங்கினேன். அதே மல்லிகாவின் படிப்புக் கடன் மனுவில் வருமான வாய்ப்பு 'இல்லை' என்று எழுதியவனும் நானே. வங்கி வேலைக்குப் புதிதாக வருபவர்கள் படிக்கக்கூடும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

1. ஒரு கட்டம்

ஒரகடம் பக்கம் அப்போது இன்றுபோல் தொழிற்சாலைகள் இல்லை. ஏரி, நெல், மாடு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு வங்கிக் கிளையில் நான் ஃபீல்டு ஆபீசர், ஊர் ஊராகப் போய்க் கடன் விசாரிப்பவன். வல்லக்கோட்டைப் பக்கத்திலிருந்து கன்னியப்பன் என்ற விவசாயி மகள் மல்லிகாவோடு வந்தார்.

"பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டுது சார். பூகோளம்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. மெட்ராஸ்ல சீட்டு கெடச்சிகீது. ஃபீஸு, ஹாஸ்டலுக்குத்தான் வழியில்ல."

மனுவில் ஒரு கட்டம் உண்டு: படித்து முடித்ததும் எதிர்பார்க்கும் மாத வருமானம். தவணையை அந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் கடன் தரலாமா என்று முடிவு செய்வோம். எஞ்சினியரிங்குக்கு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியும். புவியியலுக்குத் தெரியாது.

"பூகோளம் படிச்சு என்னம்மா பண்ணப் போற?"

மல்லிகா என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த வட்டார வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இது கோடையில வரைஞ்ச மேப்பு."

"எப்படிச் சொல்ற?"

"இந்த வண்டிப்பாதை ஏரிக்குள்ள போவுது. ஐப்பசிக்கு மேல அங்க இடுப்பளவு தண்ணி. இத்த நம்பியா மழைல எங்க ஊருக்கு வரீங்க?"

முந்தைய வருஷம் அந்த வழியில்தான் மொபெட்டைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். அவள் ஒரு தாளை வாங்கி, ஏரி வற்றினால் நீர் எதுவரை, நிரம்பினால் எதுவரை, கலங்கல் வழிந்தால் உபரித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த மாதத்துக்கு எந்த வழி என்று வரைந்து தந்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

கறவை மாட்டுக்கு அச்சடித்த பட்டியலே இருந்தது. எத்தனை லிட்டர், எத்தனை மாதம் பால் வற்றும், தவணை போக மிச்சம் எவ்வளவு. "மாட்டுக் கடன் வாங்கிக்குங்க, ஒரே வாரத்துல முடிச்சுத் தரேன்" என்றேன்.

கன்னியப்பன் சிரித்தார். "மாடு வறண்டு போற மாசத்துக்கும் கணக்கு வெச்சிகீறீங்க. எம்பொண்ணுக்கு இல்லியா சார்?"

ஆனாலும் மாட்டை வாங்கிக்கொண்டார். மல்லிகாவின் கல்லூரி இடம் போயிற்று.

2. காது வில்லை

அந்த மழைக்காலத்தில், முன்பு இரண்டு ஊர் பார்த்த நேரத்தில் நான்கு ஊர் பார்த்தேன். மல்லிகாவின் தாளை நகலெடுத்துக் கீழே என் கையெழுத்தைப் போட்டு வைத்திருந்தேன். கிளைக்கு வந்த மண்டல மேலாளர் அதைப் பார்த்து, "யாருய்யா போட்டது?" என்றார்.

"நான்தான் சார்."

எல்லோரும் கேட்கப் பாராட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் கன்னியப்பன் வீட்டு மாட்டை ஆய்வு செய்யப் போனேன். கடனில் வாங்கிய மாடுதானா என்று அதன் காதில் பொருத்திய வில்லையின் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மல்லிகா எண்ணைப் படித்துச் சொன்னாள். அவள் பார்வை என் கையிலிருந்த நகலுக்குப் போயிற்று.

"மாடு யாருதுன்னு தெரிய காதுல வில்லை போட்டுகீறீங்க. மேப்புல மட்டும் வேற ஆளு பேரு கீதே சார்?"

எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். எழுதியது தப்பு எண் என்று கிளைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

3. விசாரணை

மூன்று நாள் விடுப்பு எடுத்து மெட்ராஸ் போனேன். புவியியல் படித்தவர்கள் என்னதான் செய்கிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்று தேடித் தேடிக் கேட்டேன். ஒரு பள்ளி ஆசிரியை, நகரமைப்பு அலுவலகத்தில் ஒருவர், நிலத்தடி நீர் அளக்கும் ஒருவர். இந்தக் கடைசி மனிதர் ஏரிக்கும் கிணற்றுக்கும் உள்ள உறவைச் சொல்லச் சொல்ல, சம்பளத்தைக் கேட்கவே மறந்து அரை நாள் உட்கார்ந்திருந்தேன். சிலருக்கு எங்கள் கிளார்க்கைவிடக் குறைந்த சம்பளம், சிலருக்கு அதிகம். யாருக்கும் 'இல்லை' இல்லை.

திரும்பி வந்து மண்டல மேலாளருக்கு உண்மையை எழுதினேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நேரில் போனபோது, "ஒரு காகிதத்துக்காய்யா பொய் சொன்ன?" என்று மட்டும் கேட்டார். மல்லிகா பெயரை எழுதிய வரைபடத்தையும், அடுத்த வருஷம் மறுபடி சீட்டு கிடைத்து அவள் போட்ட புதிய மனுவையும் சேர்த்து அவரிடம் கொடுத்தேன். கட்டத்தில் நான் விசாரித்த சம்பளங்களையெல்லாம் எழுதியிருந்தேன், குறைந்ததையும் மறைக்காமல்.

மனுவை வாங்கும்போதே மல்லிகாவிடமும் சொல்லியிருந்தேன். "டீச்சர் வேலைன்னா முதல்ல சம்பளத்துல மூணுல ஒரு பங்கு தவணைக்கே போயிடும். வேலை கிடைக்க லேட்டானா வட்டி ஏறும். யோசிச்சுச் சொல்லும்மா."

"இத்த போன வருஷமே சொல்லியிருந்தா, போன வருஷமே யோசிச்சிருப்பேன்ல?"

கடன் கிடைத்தது. கையெழுத்துப் போட வந்த அன்று அவள் மனுவைப் புரட்டிப் பார்த்தாள். "ஒரு வருஷம் மாட்டைப் புடிச்சிக்கினு நின்னேனே சார், அது எந்தக் கட்டத்துல வரும்?"

நானும் தேடினேன். அப்படி ஒரு கட்டம் இல்லை.

மல்லிகா படித்தாள். உடனே வேலை கிடைக்கவில்லை. நான் எச்சரித்தபடி வட்டி ஏறத்தான் செய்தது. பிறகு வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை ஆனாள். நான் கற்றது இவ்வளவுதான்: பட்டியலில் ஒரு எண் இல்லையென்றால் அந்த வருமானம் இல்லை என்று பொருளில்லை, நாம் போய்க் கேட்கவில்லை என்று பொருள்.

கடைசித் தவணையைக் கட்டிவிட்டு அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அந்தக் கட்டம் கெடச்சுதா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"தேடுங்க" என்று சொல்லிவிட்டு, ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.