அக்கா சும்மா இருந்தாள்

அக்காவின் வலது கால் கட்டைவிரலைச் சுற்றி ஒரு கறுத்த வளையம் இருக்கிறது. அது கயிறு அழுந்திக் காய்த்துப்போன இடம். அப்பா கடலிலிருந்து கொண்டுவந்த நைலான் வலைக்கயிற்றின் ஒரு முனையைத் தம்பியின் தொட்டிலிலும் மறுமுனையைத் தன் விரலிலும் கட்டிக்கொண்டு, காலை நீட்டி மடக்கியபடியே இருப்பாள். கைகள் இரண்டும் மற்ற வேலைகளுக்கு வேண்டும்: அரிசி களைய வேண்டும், சாளை மீனுக்குச் செதில் உரச வேண்டும், என் சடையைப் பின்ன வேண்டும். கை ஓய்ந்த நேரத்தில் என்னுடைய நான்காம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படிப்பாள். அவளுடைய எட்டாம் வகுப்புப் புத்தகங்களை அம்மா அதற்குள் பக்கத்துத் தெருப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

அம்மா இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போனாள். விடியும்போதே கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நிற்கும். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் வெளுத்து அவள் திரும்பும்போது விளக்கு வைத்திருப்போம். அக்கா பள்ளிக்கு வரவில்லையே என்று டீச்சர் ஒரு சனிக்கிழமை வீடு தேடி வந்தார். “என்ன டீச்சர் செய்ய? பால்குடிப் பிள்ளைய யார்கிட்ட விட? இவ வீட்ல சும்மாதான இருக்கா, பாத்துக்கிடுதா” என்றாள் அம்மா. அதைச் சொன்னபோது அக்காவின் கால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது, கை உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தது. டீச்சர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். நான் அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. அப்பாவின் படகு வெறும் வலையோடு திரும்பும் நாட்களில் எங்கள் அடுப்பு எரிந்ததே அவளால்தான். ஆனால் அந்த ‘சும்மா’ என்ற சொல் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

கம்பெனியில் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை இருந்தது என்பதுதான் கொடுமை. வாசலை ஒட்டி, ‘குழந்தைகள் காப்பகம்’ என்று பலகை மாட்டி, சுவரில் முயல் படம் வரைந்து வைத்திருந்தார்கள். கதவில் எப்போதும் பூட்டு. உள்ளே இறால் தட்டுகளும் ரப்பர் கையுறைப் பெட்டிகளும் அடுக்கியிருக்கும். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் மட்டும் தட்டுகள் வெளியே போகும், வேன் எங்கள் தெருவுக்கு வந்து கைக்குழந்தைகளை அள்ளிக்கொண்டு போகும். அப்படி ஒரு நாள் ஆயாவுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. சூப்பர்வைசர் அண்ணாச்சியின் கண் அக்காமேல் விழுந்தது. பதின்மூன்று வயதுக்கு அவள் உயரம். அம்மாவின் நீலச் சேலையை அவளுக்குச் சுற்றி ஊக்குக் குத்தினார்கள். “நீ ஒண்ணும் பேச வேண்டாம்ளா. சும்மா ஒக்காந்திருந்தா போதும்” என்றார் அண்ணாச்சி.

பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். புதுப் பாய், தலைக்குமேல் மின்விசிறி, உறை பிரிக்காத பொம்மைகள். தம்பி பாயில் கவிழ்ந்து தூங்கினான். அன்றைக்குத்தான் அக்காவின் விரலில் கயிறு இல்லை. அவள் அந்த அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: “ஏளா, இனி தம்பிய இங்கன விட்டுட்டு நான் பள்ளிக்கூடம் போவலாம்லா?”

அதிகாரி வந்தார். “நீதான் ஆயாவாம்மா? சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டார். அக்கா மிரண்டு போய் உண்மையைச் சொன்னாள்: “சும்மாதான் சார்.” அண்ணாச்சி சத்தமாகச் சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். சேலைக்குள் இருந்தது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று கண்ணுள்ள எவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. காகிதத்தில் ஏதோ எழுதி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் பொம்மைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து எங்களை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினார்கள். மறுநாள் அக்கா மறுபடியும் விரலில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் என்ற பேச்சை அதன்பிறகு அவள் எடுக்கவே இல்லை.

அவள் பார்த்துக்கொண்டதால்தான் நான் படித்தேன். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மகள் பிறந்து விடுப்பு முடிகிற நேரம் காப்பகங்களில் விசாரித்தேன். என் சம்பளத்தில் பாதியைக் கேட்டார்கள். ஆபீஸிலேயே ஒரு அறை தரக் கூடாதா, பிள்ளைக்காரிகள் மூன்று பேர் இருக்கிறோமே என்று மேனேஜரிடம் கேட்டேன். “எதுக்கும்மா வீண் செலவு? வீட்டுல பெரியவங்க யாராவது சும்மாதான இருப்பாங்க?” என்றார். முப்பது வருஷம் போயும் அதே சொல். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வந்தவள் என்ன செய்தேன் தெரியுமா? அக்காவுக்கு போன் போட்டு, “நீ சும்மாதானக்கா இருக்க, பிள்ளைய வந்து பாத்துக்கிடேன்” என்றேன்.

மறுமுனையில் தையல் மிஷின் ஓடும் சத்தம் நின்றது. “நான் சும்மா இருக்கேன்னு ஒனக்கு யாருளா சொன்னா?” என்று கேட்டாள். அண்ணாச்சியையும் அதிகாரியையும் இத்தனை வருஷம் திட்டிய வாய் இது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, மாப்பிள்ளையூரணியில் இருக்கும் என் வீட்டுக்கு அக்கா வந்தாள். அம்மாவும் இருந்தாள். அக்கா தொட்டிலைப் பார்த்தாள், ஆட்டுவதற்கு நான் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, அந்த வலது காலை முன்னால் நீட்டிக்கொண்டு கேட்டாள்: “சம்பளம் எவ்வளவு?”

அவளே தொடர்ந்தாள். “ஒங்க ஆபீஸ்ல இன்னும் ரெண்டு பிள்ளைக்காரி இருக்காள்லா? மூணு பிள்ளையளையும் என் வீட்ல கொண்டாந்து விடுங்க. ஆளுக்கு ஒரு பங்கு போட்டா ஒங்களுக்கும் கனக்காது, எனக்கும் கட்டும். ஞாயித்துக்கிழம லீவு.”

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “கூடப் பொறந்தவகிட்ட சம்பளம் கேக்க ஒனக்கு நாக்கு கூசலையாளா?”

“எம்மா, நீ சும்மா இரு” என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயில் வந்த சொல் எனக்கே கேட்டது. அக்கா சிரித்துவிட்டாள். நான் எழுந்து தொட்டிலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துப்போட்டுவிட்டு, சம்பளம் பேச அவள் எதிரில் உட்கார்ந்தேன்.