வேன் சாவி யாருக்கு

வெளிநாட்டில் பல வருஷம் பஸ் ஓட்டி, விபத்தே செய்யாத டிரைவர் என்று கோப்பை வாங்கித் திரும்பியவர் அவர். பார்க்கிற எல்லோரிடமும் அதையே சொன்னதில், தெருவே அவருக்கு 'கோப்பை' என்று பேர் வைத்துவிட்டது.

அவர் இல்லாத காலத்தில் மனைவி வேன் ஓட்டக் கற்று, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிச் சம்பாதித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று அந்த வேன் போன போக்கைப் பார்த்த கோப்பை, சாயங்காலமே சாவியைக் கேட்டார்.

"அங்கெல்லாம் ஹாரன் அடிச்சா சண்டைக்கு இழுக்கற மாதிரி. நீ ஹாரன்லயே வண்டி ஓட்டுற. இனிமே நான் ஓட்டுறேன்."

சாவி போனால் அவள் மறுபடி அடுப்படியோடு சரி. அது அவருக்கும் தெரியும். பிள்ளைகள் உயிரைவிட அது பெரிதா என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

"நாளைக்கு நீங்களே ஓட்டுங்க. ஸ்கூல் மணி அடிக்கறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுட்டா சாவி உங்களுது," என்றாள் அவள்.

மறுநாள் கோப்பை ஜம்மென்று கிளம்பினார். மனைவி பிள்ளைகளோடு பின்னால் உட்கார்ந்தாள். மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் வேனை நிறுத்தி, யாராவது வழிவிடுவார்கள் என்று காத்திருந்தார். வெளிநாட்டில் விடுவார்கள். இங்கே பைக் போனது, லாரி போனது, கடைசியில் ஒரு தள்ளுவண்டிக்காரர்கூட அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்.

"மாமா, வண்டி மூக்கை நுழைங்க. தானா நிப்பாங்க," என்றது ஒரு வாண்டு.

"அது தப்பு."

"தப்புதான். இப்ப இறங்குங்க," என்றாள் மனைவி.

அவர் பின்சீட்டுக்குப் போனார். அவள் ஹாரனை அலறவிட்டு வேனை நுழைத்தாள். எதிரே வந்த லாரி வேண்டாவெறுப்பாக நின்றது. கோப்பை ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் குற்றம் கண்டுபிடிக்கும் ஆசை விடவில்லை. கண்டும் பிடித்தார்: ஸ்டீயரிங்கில் ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கை, பிரேக் போடும்போதெல்லாம் முன்சீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குக் குறுக்கே போய்த் தடுத்தது. வேனில் பெல்ட் கிடையாது. அவள் கண் ரோட்டில்தான் இருந்தது, கை தன்பாட்டுக்குப் போய் வந்தது.

மணி அடிக்குமுன் பள்ளி வந்துவிட்டது. கோப்பைக்கு வெட்கமாக இருந்தது. சாயங்காலம் கடைக்குப் போய் எல்லா சீட்டுக்கும் பெல்ட் வாங்கி வந்து, சட்டையெல்லாம் கிரீஸாக அவரே மாட்டினார்.

மனைவி வந்து பார்த்தாள்.

"இனிமே ரெண்டு கையாலயும் ஓட்டு," என்றார்.